குழாய்மேல் நடக்கும் பிள்ளைகள்

ஈச்சிலம்பற்றுப் பக்கம் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. மோட்டார் சைக்கிளில் போகும் எனக்கு மதகு இருக்கிறது. நடந்து வரும் பிள்ளைகளுக்கு அது சுற்றுவழி. அவர்களுடைய பாலம், வாய்க்காலுக்கு மேலாகப் போகும் தண்ணீர்க் குழாய். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். கண்டித்தால், "பழக்கம்தான் சேர்" என்பார்கள்.

கோடையில் கீழே முழங்காலளவு தண்ணீர்தான். மாரியில் கதை வேறு. உருண்டையான குழாய் நனைந்து பாசி பிடித்தால் பெரியவர்களுக்கே கால் நிற்காது. முதுகில் புத்தகப்பை வேறு. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகினால் எங்கள் பகுதி என்னவாகும் என்று 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது பார்த்தோம்.

பிள்ளைகளின் குறும்பு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பாதுகாப்பான வழி தூரத்தில் இருந்தால் மக்கள் கிட்டவுள்ள வழியில்தான் போவார்கள். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்தபோது ஊர் மக்கள் நம்பியிருந்தது ஓர் இழுவைப் படகை. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. பாலம் வரும்வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வியை விபத்துக்குப் பிறகுதான் எல்லோரும் கேட்டார்கள்.

குழாய் விடயத்திலும் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் இல்லை. குழாய் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. கரையோரப் பாதை பிரதேச சபையுடையது. குழாய்மேல் நடக்கும் பிள்ளை யாருடைய பொறுப்பு? கடிதம் எழுதினால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும். (நானும் எழுதிப் பார்த்தவன்தான்.)

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட குழாய்களின் இரு முனையிலும் விசிறிபோல் விரிந்த கூர்க்கம்பித் தடுப்பு வைப்பதுண்டு. ஏறவும் முடியாது, சுற்றிப் போகவும் முடியாது. ஊர்ப் பட்டறையிலேயே ஒட்டிவிடலாம். ஆனால் தடுப்பை மட்டும் வைத்துவிட்டுப் போனால் அடுத்த நாள் பிள்ளைகள் வாய்க்காலுக்குள் இறங்கிக் கடப்பார்கள். தடுப்போடு, பக்கத்திலேயே கைபிடியுள்ள ஒடுங்கிய நடைபாலமும் வேண்டும். குழாய் பதிக்கும்போதே இதையும் மதிப்பீட்டில் சேர்த்தால் செலவு பெரிதாகக் கூடாது. பிறகு தனியாகச் செய்யப் போனால்தான் நிதியில்லை என்ற பதில் வரும்.

மாரிமழை ஒக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் கிராம உத்தியோகத்தரோடு சேர்ந்து, பிள்ளைகள் எந்தெந்தக் குழாய்களில் நடக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். அதைப் பிரதேச செயலாளரிடம் கொடுத்து, மூன்று நிறுவனங்களையும் ஒரே மேசைக்கு அழைக்கக் கேட்கலாம். பட்டியல் எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும். எங்கு போய்ப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே காட்டித் தருவார்கள்.