கிராஃபிக்ஸ் கார்டு தீபாவளிக்கு வரட்டும்



ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான், குறைந்த செலவில் முடியுமா?" காரைக்காலிலிருந்து எழுதிய ஒரு அம்மா கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: "எங்க ஊர்ல பெட்ரோல் விலை கம்மி, இதுவும் கம்மியா கிடைக்காதா?"

கிடைக்காதம்மா. பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் புதுச்சேரி அரசு தன் வரியைக் குறைத்து வைக்க முடிகிறது. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 2017 ஜூலை முதல் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் வரி ஒன்றுதான்.

ஆனால் குறைந்த செலவில் முடியும். முதல் நாளே கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று பையனைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஎம்டி 2021இல் கொண்டுவந்த ரைசன் 5 5600ஜி மாதிரியான பிராசசருக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் வேலரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் ஓடும். அந்த உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில் ரேம் விலை எகிறிவிட்டது. பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். இன்டெல் வாங்குவதென்றால் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ3-12100எஃப் விலை மலிவுதான். ஆனால் அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது.

மிச்சமாகும் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கச் சொல்வேன். கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட்டைப் பையன் கேட்பான், கேட்கட்டும். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம். தெரிந்த கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) போதும். பின்னால் நடுத்தரமான ஒரு கார்டு போட்டாலும் தாங்கும்.

காரைக்காலுக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் கூடுதல் அவசியம். ஐப்பசி கார்த்திகையில் மின்சாரம் போய்ப் போய் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் ஒழுங்காக ஷட்டவுன் செய்யவாவது நேரம் கிடைக்கும். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுக்கும், அது படிந்த தூசி போர்டை அரிக்கும். அதனால் கடல் பக்கத்து ஜன்னலருகே கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பிளோயர் வைத்து ஊதிவிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற ஓடாதீர்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் இருப்பதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கசியும் சொற்ப மின்சாரத்துக்குப் போக வேறு வழி இல்லாமல் இரும்பில் நிற்கிறது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் விலை குறையலாம். ரயில் செலவு போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் பாருங்கள். போர்டு மக்கர் செய்தால் வாரண்டிக்கு யார் அனுப்பிவைப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் அதிகமானாலும் என் ஓட்டு ஊர்க் கடைக்கே. சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்க மறக்காதீர்கள்.

தீபாவளிக்கு செகண்ட் ஹேண்ட் கார்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கடைக்காரர் முன்னாலேயே அரை மணி நேரம் ஒரு கேமை ஓடவிடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்