எந்தத் தீவில் இறங்குவது?

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி, சாமளாபுரம்)

கடல் இல்லாத ஊர்க்காரருக்குத்தான் கடல்மீது ஆசை அதிகம். விசைத்தறி ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு நீர்ப்பரப்பு என்றால் நொய்யல் நீர் தேங்கும் சாமளாபுரம் குளம்தான். அதனால்தான், இறுதித் தேர்வு முடிந்ததும் அந்தமான் சென்று கடலுக்குள் முக்குளித்து வரலாம் என்ற பேச்சு எழுந்ததும் வகுப்பே கலகலத்தது. போவது உறுதி. ஹேவ்லாக் தீவா, அதன் பக்கத்திலுள்ள நீல் தீவா என்பதுதான் வழக்கு. பெரும்பான்மையோர் ஹேவ்லாக் கட்சி. என் வாக்கு நீலுக்கே.

தமிழ்நாட்டில் தீவு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் 1986-ல் அப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக்கப்பட்டது; நினைத்தபடி நாம் அங்கே இறங்க முடியாது. அதுவும் நியாயந்தான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள்ளேயே அமிழ்ந்துவிட்டன. பாறை போனால் அலையைத் தடுப்பது யார்?

ஆகவே அந்தமான். இந்த இரு தீவுகளின் பெயர்களும் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதிகளுடையவை. நீல் நமக்குப் புதியவர் அல்லர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தீவின் பெயர் மாற மேலும் எண்பத்தோர் ஆண்டுகள் ஆயின! 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் ஆயின. பயணம் செய்வோர் வாயில் இன்னும் பழைய பெயர்களே புழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஹேவ்லாக்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. அதன் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்ததென்று 2004-ல் டைம் இதழ் எழுதியது. முக்குளிப்போர் கொண்டாடும் இடங்களும் அதைச் சுற்றித்தான் அதிகம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் படகேறிப் போக வேண்டும், ஆழம் அதிகம், முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவர்க்கே அவை ஏற்றவை. நமக்குக் கிடைக்கப்போவதோ, பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு சில மீட்டர் ஆழம் இறங்கும் வாய்ப்புத்தான். அதற்கு ஹேவ்லாக்கிலும் கரையிலிருந்தே இறங்கும் இடம் உண்டு. நீமோ என்று திரைப்பட மீனின் பெயரால் அழைக்கிறார்கள். அந்தச் சிறு பகுதிக்காக, கூட்டமும் செலவும் மிகுந்த தீவைத் தேட வேண்டுமா? உவர்நீர் முதலை ஒன்று 2010-ல் ராதாநகர் அருகே ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்றதையும் சொல்லி வைக்கிறேன். பயமுறுத்துவதற்காக அன்று, எந்தத் தீவாயினும் உள்ளூர்க்காரர் இறங்காதே என்ற இடத்தில் இறங்கக் கூடாது என்பதற்காக.

நீல் தீவு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர்தான்; ஹேவ்லாக்கில் ஆறில் ஒரு பங்கு. வாடகை மிதிவண்டியில் ஒரே நாளில் சுற்றிவிடலாம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் காய்கறித் தோட்டங்கள் நிறைந்த ஊர். ஹேவ்லாக்கில் கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணநகர் என்று கண்ணன் கதை. நீலிலோ சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று இராம காதை! இந்தப் பரத்பூர்க் கடற்கரைதான் எனக்கு வேண்டியது. மணலில் நடந்தே நீருக்குள் இறங்கலாம். சற்றுத் தொலைவிலேயே பவளப்பாறை தொடங்கிவிடும். படகு வாடகை இல்லை, குமட்டல் இல்லை. பயந்தவர் திரும்பி நடந்து வந்துவிடலாம்! நல்லூழ் இருந்தால் கடற்பசுகூடக் கண்ணில் படலாம். அந்தக் கடலில் அது மேய்வதுண்டு.

ஆனால் இங்கேதான் என் கவலையும் இருக்கிறது. ஓதம் வடியும்போது பரத்பூரில் பாறைகளுக்கு மேல் முழங்கால் அளவு நீர்கூட நிற்பதில்லை. நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். அந்நேரமும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேரம் தவறி இறங்குகிறவன் என்ன செய்வான்? நிற்பான். எதன்மேல் நிற்பான்? பவளத்தின்மேல். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதில் பிழைத்ததை நம் கால் முறிக்க வேண்டுமா?

நேரம் சரியாக இருந்தாலும், மிதக்கத் தெரியாதவன் பதறியதும் காலை ஊன்றத்தான் பார்ப்பான். நம் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்களில் ஒருத்திகூட இல்லை, நான் உட்பட. கொங்கு நாட்டுத் தோட்டக் கிணறுகளில் முன்பு சிறுவர்கள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினார்கள். பெண்பிள்ளைகள் படியில் குடத்தோடு நின்றார்கள். இன்று கிணறுகள் பல வற்றிவிட்டன. நொய்யலிலோ சாயம் கலந்த கதை ஊரறிந்தது. பையன்களும் எங்களோடு படியில்தான் நிற்கிறார்கள்!

ஆகவே பயணச் சீட்டு எடுக்கும் முன் எல்லாரும் மிதக்கவாவது பழக வேண்டும் என்கிறேன். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் நீச்சல் குளத்துக்கு ஒரு மாதம் போக, விரிவுரையாளர்கள் எங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாக்கள் மறுக்கமாட்டார்கள். 'மிதவைச் சட்டை போட்டுக்கொண்டால் ஆகாதா?' என்று தோழி ஒருத்தி கேட்டாள். நீர்மேல் மிதந்தபடி பார்க்க அது ஆகும். கீழே இறங்க ஆகாது. பத்து மீட்டர் இறங்கினால் நீரின் அழுத்தம் மேலே உள்ளதைப் போல் இரு மடங்காகும். செவியடைப்பை மூக்கைப் பிடித்து ஊதி நீக்கியபடி, மூச்சை அடக்காமல் நிதானமாக இருக்க வேண்டும். தண்ணீரே பகையாகத் தோன்றுகிறவருக்கு அந்த நிதானம் வராது.

ஹேவ்லாக் கட்சிக்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். நீலிலிருந்து அது ஏறக்குறைய ஒரு மணி நேரக் கப்பல் பயணந்தான். முக்குளித்தவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகித் தொல்லை தரும். எனவே முதல் நாள்களில் நீலில் இறங்குவோம். எப்படியும் ஒரு நாள் நீரில் இறங்காமல் இருந்தாக வேண்டும். அந்த மாலையை ராதாநகர் மணலில் கழிக்கலாம்.