முதற் சறுக்கல்

மடவளை பஸாரிலே பேருந்துக்குக் காத்துநின்ற இளைஞனொருவன், “உயர்தரப் பரீட்சையில் புள்ளிகள் குறைந்துவிட்டன, சேர். இனிப் பேராதனை எனக்கு எட்டுமா? வாப்பாவிடம் பெறுபேற்றை இன்னும் சொல்லவில்லை” என்று தலைகுனிந்தான். அவனுக்குக் கூறியதையே வாசகர்க்கும் கூறுகின்றோம்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904 இல் சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார்; உதவிச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 1907 இலும் தேர்வில் தவறினார். ஆயினும், 1913 இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் வரைந்தபோது, தாம் பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதை அவர் மறைத்தாரில்லை. தாம் கண்ட முடிவுகளைப் பக்கம் பக்கமாக உடன் அனுப்பினார். 1914 இல் டிரினிற்றிக் கல்லூரி அவரை ஏற்றது. 1916 இல் பட்டம் பெற்றார். 1918 இல் ரோயல் சங்க உறுப்பினரானார்.

அம்மேதை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், குறையை மறைக்காது, அதன்பின் செய்த உழைப்பை முன்வைக்கும் நேர்மை எவர்க்கும் கூடும். பழைய புள்ளியை அழிக்க இயலாது. புதிய புள்ளியை ஈட்டலாம். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற இடமுண்டு.

ஆகவே தம்பி, நூலைத் திறக்குமுன் வாப்பாவிடம் வாயைத் திற. ஒளித்துவைத்த பாரத்தோடு ஏற்றம் ஏறுதல் அரிது.