கயிறு பிடிக்கும் கல்வி

நம் வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான் என்றால் எத்தனை உபசாரம்! தாயார் காப்பி ஆற்றிக் கொடுப்பாள். தகப்பனார் ஓசைப்படாமல் கதவைச் சாத்துவார். இந்தச் சலுகை எதுவுமில்லாத பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தரையே கிடையாது!

அதுதான் 'தரங்கிணி'. கோவாவில் கட்டி, 1997-ல் நமது கடற்படையில் சேர்க்கப்பட்ட மூன்று பாய்மரக் கப்பல். கடற்படையில் அதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் இதில் பயிற்சி பெறுகிறார்கள்.

கரை மறைந்ததும் முதற்பாடம் தொடங்கும். அதைக் கற்பிப்பவர் சாக்ஷாத் சமுத்திரராஜனேதான். காலையில் சாப்பிட்டதெல்லாம் அவருக்கே காணிக்கையாகிவிடும்! தலை சுற்றுகிறதென்று படுத்துக்கொள்ள முடியுமா? முறை வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரை காவல் என்றால், வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த பிள்ளை அங்கே சுக்கானைப் பிடித்துக்கொண்டு நக்ஷத்திரங்களைப் பார்த்து நிற்பான்.

பிறகு பாய்மரம் ஏற வேண்டும். பருமல் என்று நம் கப்பற்காரர்கள் சொல்லும் குறுக்கு மரத்தில் வயிற்றைச் சாய்த்து, காலுக்குக் கீழே ஒற்றைக் கயிற்றை மிதித்துக்கொண்டு, படபடக்கும் பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும். கீழே கப்பல் சிறு தோணி போலத் தெரியும். 'ஒரு கை உனக்கு. ஒரு கை கப்பலுக்கு' என்பது கடலோடிகளின் பழைய விதி. இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இருந்தாலும், முதன்முறை ஏறுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருக்குமா?

"இயந்திரக் கப்பல்கள் நிறைந்த காலத்தில் பாயும் கயிறும் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தரங்கிணியிலும் இயந்திரம் உண்டு. ஆனால் பொத்தானை அழுத்திக் கப்பலை ஓட்டுகிறவனுக்குத் தன் பக்கத்தில் நிற்பவன் யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை. பாயை ஏற்றவோ, பத்துப் பேர் ஒரே மூச்சில் கயிற்றை இழுக்க வேண்டும். ஒருவன் கை தளர்ந்தால் ஒன்பது பேருடைய உள்ளங்கைகள் உரியும். அங்கே குலமும் பாஷையும் யாருக்கு ஞாபகம் வரும்?

இந்தக் கல்வி நமக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. ஆங்கிலேய ஆட்சியில் நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பல்களில் உழைத்தார்கள், கரியள்ளிக் கொட்டினார்கள். அதிகாரி பதவி மட்டும் எட்டாக் கனியாயிருந்தது. 1922-ல் சட்டசபையில் பி. எஸ். சிவசாமி ஐயர் இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். விசாரணைக் குழு அமைந்தது. 1927-ல் பம்பாயில் 'டப்பரின்' என்ற பயிற்சிக் கப்பல் ஏற்பட்டு, இந்தியப் பிள்ளைகள் வர்த்தகக் கப்பல் அதிகாரிகளாகப் பயிலலானார்கள். அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே நின்றிருந்தது.

எழுபத்தாறு ஆண்டுகள் சென்றன. 2003-ல் கொச்சியிலிருந்து புறப்பட்ட தரங்கிணி, உலகைச் சுற்றிவிட்டு 2004-ல் திரும்பியது. நின்ற கப்பலில் தொடங்கிய படிப்பு, கடல்களையெல்லாம் தாண்டி வந்தது.

பிள்ளையைக் கடலுக்கு அனுப்புவதென்றால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அவன் திரும்பி வரும்போது உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். காய்த்துப் போயிருக்கும். தன்னோடு கயிறு பிடித்தவர்களை நினைக்கும்போதெல்லாம் அவன் அந்தக் கையைத் தடவிக்கொள்வான்.