நாயுடன் திராட்சைத் தோட்டத்திற்கு

நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளைக் காண வீட்டு நாயையும் அழைத்துச் செல்லலாமா என்று மும்பை அன்பர்கள் சிலர் நம்மை வினவியுள்ளனர். ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்பானேன் எனின், நாயை வண்டியில் ஏற்றும் விதி நமக்குத் தெரியும் என்பதால்தான். விதியினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு படுக்கையுள்ள கூபேயையோ நான்கு படுக்கையுள்ள அறையையோ முழுவதும் ஒதுக்கிக்கொண்டால் நாய் உடன் வரலாம். அன்றேல், முன்னதாகவே நிலையம் சென்று, தடுப்பூசிச் சான்றைக் காட்டிப் பார்சல் ஆபீசில் பதிவு செய்து, பிரேக்வானிலுள்ள நாய்ப்பெட்டியில் அனுப்ப வேண்டும். பகல்நேர உட்காரும் வண்டிகளில் கூபே கிடையாது. கஸாராவிலிருந்து இகத்புரிக்கு மலையேறும் வண்டிகள் பலவற்றைப் பின்னாலிருந்து துணை எஞ்சின்கள் தள்ளும். அவ்வோசையில், இருட்டுப் பெட்டிக்குள் ஒரு நாய் படும் பாட்டை எண்ணினால், மோட்டாரில் அழைத்துச் செல்வதே கருணை என்போம்.

உண்ணும் திராட்சைக்கு நாசிக் முன்பே பெயர் பெற்றது. ஒயின் புகழோ அண்மையில் வந்தது. சூலா ஆலையின் முதற் புட்டிகள் 2000-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தன. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறும். தோட்டங்களைக் காணத் தகுந்த காலம் அதுவே. நாய்க்கு ஆபத்தான காலமும் அதுவே.

ஏனெனில் திராட்சை நாய்க்கு நஞ்சு. பச்சைப் பழமாயினும் உலர்ந்ததாயினும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று அளவு கூற இயலாது. ஒரு நாய் தின்றுவிட்டு நலமாய்த் திரியும், மற்றொன்று சில பழங்களிலேயே நோயுறும். கொடியின் கீழ் உதிர்ந்த பழமும், பிழிந்தபின் குவித்த தோலும் சக்கையும் மணம் வீசி அதனை அழைக்கும். ஆகவே கயிற்றைக் கைவிடலாகாது. தின்றது என்று ஐயம் எழுந்தாலே கால்நடை மருத்துவரிடம் விரைக. முதற் சில மணி நேரத்திற்குள் அவர் வாந்தி எடுக்கச் செய்து காப்பாற்ற இயலும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்த பின்னர் சென்றால் பிழைப்பது அரிது.

ரசம் நொதிக்கும் அறைக்குள்ளும் நாய் வேண்டா. அங்கே எழும் கரியமில வாயு காற்றினும் கனமானது, தரையோடு தேங்கும். நம் மூக்கிற்கு எட்டுமுன் நாயின் மூக்கை எட்டிவிடும். ஆலையார் உள்ளே விட மறுத்தால் சினம் கொள்ளற்க. வெளிப்புறப் புல்வெளியில் விடுவது ஆலைக்கு ஆலை வேறுபடும். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நன்று.

திராட்சையில் எது நஞ்சு என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர், டார்ட்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்று எழுதினர். அவ்வமிலம் மிகுதியாக உள்ள மற்றொரு பொருள் நம் அடுக்களைப் புளி! புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கேடு கண்டதாக அவர்கள் பதிந்துள்ளனர். நாசிக்கிற்குச் செல்லாத அன்பர்களுக்கும் இது பொருந்தும். மிஞ்சிய சாம்பார் சோற்றையும் புளியோதரையையும் நாயின் தட்டில் கொட்டுவது நம்மவர் வீடுகளில் வழக்கமன்றோ? நம் இல்லத்து நாய்க்குத் தயிர்ச்சோறுதான். அதனிடமிருந்து இதுகாறும் முறையீடு ஏதும் வரவில்லை.