கெபிக்கு முன் நின்று பேசும் பெண்கள்



அக்டோபர் மாதம் முழுவதும் மாலை ஏழு மணிக்குக் கெபியின் முன் செபமாலை நடைபெறுவது உங்கள் பங்குகளைப் போலவே எமது பங்கிலும் வழக்கம். ஐம்பத்து மூன்று மணிகளும் தேவதாயின் மன்றாட்டு மாலையும் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். முடிந்தவுடன் ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். பெண்களோ போவதில்லை. இருவர் மூவராய்க் கூடி, தலையில் இட்ட முக்காடும் எடுக்காமல், கையில் செபமாலையைச் சுருட்டிப் பிடித்தபடியே பேசிக்கொண்டு நிற்பர். எட்டரை மணியாகியும் கலைவதில்லை. உபதேசியார் சாவிக்கொத்தை ஆட்டி ஓசையெழுப்பினால், "இதோ போறோம் ஐயா" என்று பத்தடி நகர்ந்து, அங்கே நின்று மீண்டும் தொடங்குவர்.

இதைக் குறித்து நாம் ஒருமுறை பீடத்தில் நின்று கண்டித்தே பேசியிருக்கின்றோம். செபத்தில் திரட்டிய அருளை வாசலில் நின்று வம்பு பேசிச் சிந்திவிட்டுப் போகவேண்டாம் என்பது அன்று நாம் உரைத்ததன் சாரம். அந்த உரையைக் குறித்து எமக்கு அக்காலத்தில் திருப்தியும் இருந்தது. இன்று அதை நினைத்தால் வெட்கமே உண்டாகின்றது. ஏன் என்பதைச் சொல்லவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பொறுப்பேற்றிருந்த பங்கு, பீடி சுற்றும் தொழிலை நம்பியிருந்த ஊர். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏதேனும் ஒரு திண்ணையில் கூடுவர். ஒருத்தி இலை வெட்டுவாள், மற்றவர் சுற்றுவர்; கை ஓயாது, வாயும் ஓயாது. அவர்களுள் ஒரு சகோதரி, இரு பிள்ளைகளின் தாய், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வந்தாள். கணவன் குடிக்கின்றான் என்றாள், அடிக்கின்றான் என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் எமது அறிவுரையைக் கூறி முடித்தோம்: "செபத்தைக் கைவிடாதே அம்மா. புனித மோனிக்கம்மாளை நினைத்துக்கொள். அவரும் இப்படிப்பட்ட கணவரோடுதான் வாழ்ந்தார். பொறுமையால் அவரை மனந்திருப்பினார்." தலையில் சிலுவை வரைந்து அனுப்பினோம்.

குருமடத்தில் எமக்குக் கற்பித்தவர்கள்மேல் பழியில்லை. நாம் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதே உண்மை. புனித அகுஸ்தினார் தம் 'பாவ அறிக்கை' நூலின் ஒன்பதாம் பாகத்தில் தம் தாயைக் குறித்து எழுதியிருப்பதைப் பின்னர் எடுத்துப் படித்தோம். தந்தை பத்ரீசியுஸ் கடுங்கோபம் கொண்டவர். கற்பு நெறியிலும் தவறியவர். எனினும் அவர் மனைவியை அடித்தார் என்று எவரும் கேள்விப்பட்டதே இல்லை என அகுஸ்தினார் தெளிவாகக் குறிப்பிடுகின்றார். முகத்தில் அடிபட்ட தழும்போடு வந்து நின்றவர்கள் அவ்வூரின் வேறு மனைவியர். மோனிக்கம்மாளின் வீட்டில் மட்டும் அடி விழாதது எப்படி என்று அவர்கள் வியந்து கேட்டனராம். அவர் அவர்களுக்குக் கூறிய யோசனை அந்த நான்காம் நூற்றாண்டின் யோசனை. மனைவி என்பவள் கணவனுக்கு அடிமைபோல் என்று எண்ணப்பட்ட காலம் அது. ஆக, அடிபட்டவள் எவளும் பின்பற்றும்படி மோனிக்கம்மாள் அடிபடவே இல்லை! நாமோ அவர் பெயரைச் சொல்லி எத்தனை பெண்களை அடிக்குத் திருப்பி அனுப்பினோமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

அந்தச் சகோதரி சொன்ன சொல் தட்டாதவள். இரவில் பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுத் தனியே செபமாலை சொல்லியிருக்கின்றாள். பிறகு மூன்று வாரம் கோவிலில் அவளைக் காணவில்லை. நாம் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் கெபியடியில் அவளோடு நின்று பேசும் இரு பெண்கள். அவள் வழக்கமாய் நிற்கும் இடம் வெறுமையாய் இருந்ததைக் கண்டு, மூன்றாம் நாளே வீடு தேடிச் சென்றனர். கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் சென்றனர். அதற்கடுத்த நாள் பின்வாசல் வழியாய்ப் புகுந்தனர். வலக்கை எலும்பு முறிந்து, துணியால் கட்டிக்கொண்டு அவள் கிடந்தாள்.

அன்று மாலை அவ்விருவரில் மூத்தவள் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றாள். எம்மைக் கடிந்துகொள்ளும் எண்ணம் அவளுக்கு இல்லை, அறிவிக்கவே வந்தாள். "சாமி, நீங்க செபிக்கச் சொன்னீய. அவளும் செபிச்சா. செபிச்சுக்கிட்டே அடி வாங்குனா. இப்ப நாங்க அவளயும் பிள்ளையளயும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க எங்களுக்காகச் செபிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது பக்கத் தியான நூல் ஒன்றும் எம்மை அவ்வளவு ஆழமாகத் தைத்ததில்லை.

பின்பு நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். அரசு மருத்துவமனையில் கைக்குக் கட்டுப் போட்டனர். முறிந்த கையால் பீடி சுற்ற இயலாது. சுற்றாவிட்டால் அவள் கணக்கில் வேலை பதியாது. ஆகவே அத்தோழியர் இருவரும், அவர்கள் சொல்லி இன்னும் நால்வரும், தத்தம் கணக்குக்கு மேல் நாளுக்கு நூறு நூறாய்ச் சுற்றி, அவள் பெயரில் கடையில் கொடுத்தனர். ஏழு வாரம் இது நடந்தது. கைகளைக் கடையிலுள்ளவர்கள் அடையாளம் கண்டிருப்பர். சுற்றும் நேர்த்தி ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? ஆயினும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி நம் திருச்சபையைச் சேர்ந்தவளும் அல்லள். செவ்வாய்தோறும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மன் கோவிலுக்குப் போகிறவள்.

இவ்விடத்தில் எம் நினைவுக்கு வருபவர்கள் புனிதர்கள் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும். முதலாம் நற்கருணை மன்றாட்டை குரு முழுமையாகச் சொல்லும் நாள்களில், ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா என்ற பெயர்களோடு இவ்விரு பெயர்களையும் கேட்டிருப்பீர்கள். (பூசை நீளுகின்றதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் இடமும் அதுதான், எமக்குத் தெரியும்.) 203-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், இன்றைய துனீசியா நாட்டில், வேதத்துக்காக உயிர் நீத்தவர்கள். பெர்பெத்துவா உயர்குடிப் பெண், வயது இருபத்திரண்டளவில், கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை. பெலிசித்தா அடிமைப் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலிருந்தபோது பெர்பெத்துவா தம் கைப்பட எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவப் பெண்ணொருத்தி எழுதி இன்றளவும் நிலைத்திருக்கும் எழுத்துகளுள் அது மிகப் பழமையானது.

அக்குறிப்புகளில் காட்சிகளும் கனவுகளும் உண்டு. எமது மனத்தைக் கவர்வதோ சிறிய செய்திகள். இருட்டறையில் நெரிசலும் வெப்பமும் தாளாமல், குழந்தையின் கவலையாலும் அவர் வாடியபோது, தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க வகை செய்தனர். அங்கேதான் பசியால் சோர்ந்திருந்த குழந்தைக்குப் பாலூட்டினார். திருத்தொண்டர்கள் கைக்கூலி கொடுத்தனர் என்பதைத் திருச்சபை மறைக்காமல் வைத்திருக்கின்றது, பாருங்கள்!

பெலிசித்தாவின் துயரம் வேறு. கர்ப்பிணியைக் கொல்வது உரோமைச் சட்டத்தில் தடை. தோழர்கள் சென்ற பிறகு, கொலைகாரர் நடுவே தான் தனியே சாக நேரிடுமே என்று அவள் கலங்கினாள். சாவைக் குறித்துக் கலங்காதவள் தனிமையைக் குறித்துக் கலங்கினாள்! உடனிருந்தோர் யாவரும் ஒருமனப்பட்டு அழுது மன்றாடினர். செபம் முடிந்ததும் பிரசவ வேதனை கண்டது. பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையை ஒரு கிறிஸ்தவச் சகோதரி தன் மகளாக எடுத்து வளர்த்தாள். அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அரங்கத்தில் வெறிகொண்ட பசு பெர்பெத்துவாவைத் தூக்கி எறிந்தது. எழுந்து, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, அவிழ்ந்த கூந்தலை முடித்து, பின் திரும்பிப் பார்த்தார். பெலிசித்தா நசுங்கி விழுந்து கிடந்தாள். அருகே சென்று கை கொடுத்துத் தூக்கினார். உயர்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் அருகருகே நின்றனர். அவர்களது திருநாள் மார்ச் 7.

தனியே செபித்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. செபமாலையின் மகிழ்ச்சி நிறை மறைபொருள்களில் இரண்டாவதைச் சற்று நிதானமாய்ச் சிந்தித்துப் பாருங்கள். கபிரியேல் தூதர் வந்து சென்றபின், நாசரேத்தூர்க் கன்னி செய்த முதல் காரியம் யாது? யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து புறப்பட்டதே. பல நாள் நடை. வானதூதரோடு பேசியவருக்கும் தம் செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ள இன்னொரு பெண் தேவைப்பட்டாள். அந்த எலிசபெத்தம்மாளும் ஐந்து மாதம் எவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தவர். ஊரார் வாய்க்கு அஞ்சவேண்டிய நிலையில் இருந்த இருவர், ஒருவர் வாசலில் ஒருவர் சந்தித்தனர். மூன்று மாத அளவு அங்கேயே தங்கினார் என்கிறார் லூக்கா. மூன்று மாதமும் அவர்கள் என்ன பேசினர் என்று நற்செய்தி சொல்லவில்லை. எல்லாம் சங்கீதமாகவே இருந்திருக்காது. மாவரைத்துக்கொண்டும் தண்ணீர் சுமந்துகொண்டும் பேசிய பேச்சாகவே இருந்திருக்கும். ஆண்டவரும் கெத்சமனியில் தந்தையிடம் மன்றாடப் போனபோது மூவரை உடன் அழைத்துச் சென்று விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் உறங்கிவிட்டனர். ஆண்களாயிற்றே என்று அவ்வூர்த் தாயொருத்தி சொல்லக் கேட்டுச் சிரித்தோம்.

இனி, சட்டம் பற்றிச் சில சொற்கள். நாம் அன்று அறிந்திருக்க வேண்டியதும் சொல்லியிருக்க வேண்டியதும் இவையே. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதிப்படி, துணைவரின் அல்லது பிள்ளைகளின் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பெருங்கேடு விளைவிக்கிறவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு. ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதம் ஆபத்தானால் தாமாகவே பிரியலாம். திருமணக் கட்டு அதனால் அறுந்துபோவதில்லை. ஆனால் அடிபட்டுக்கொண்டே ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்று திருச்சபை எவளையும் பணிக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் இன்னும் தெளிவாய்ச் சொல்கின்றார்: வலுவற்ற துணைவரையும் சிறு பிள்ளைகளையும் கொடுமையினின்று காக்கவேண்டியபோது, பிரிந்திருப்பது அறநெறிப்படி தேவையாகவும் ஆகலாம். நாட்டுச் சட்டமும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு ஆணை பெறும் வழியையும் பெண்ணுக்குத் தருகின்றது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கின்றார். 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் வழி சொல்வர். இதைச் செபப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொள்ளும்படி எமது அன்பியங்களில் கூறி வருகின்றோம்.

அன்பியம் என்றதும் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பொது மன்றாட்டு வேளையில், "நம் தெருவில் சண்டை நடக்கும் ஒரு குடும்பத்துக்காக" என்று ஒருத்தி தொடங்கினால், எந்தக் குடும்பம் என்று இருபது தலைகள் திரும்பும். இது செபமும் அன்று, நட்பும் அன்று. மேலே சொன்ன அவ்விரு தோழியரும் மூன்று வாரத்துத் துயரத்தைத் திண்ணையில் ஒரு சொல்லும் கசியவிடவில்லை. எம்மிடமும் வேண்டிய அளவே சொன்னார்கள். பீடி சுற்றிக் கொடுத்த மற்ற நால்வருக்கும், "அவ கையில அடிபட்டிருக்கு" என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. எப்படி அடிபட்டது என்று அவர்களும் கேட்கவில்லை. கேட்காமலே அறிந்திருப்பர் என்றே எண்ணுகின்றோம்.

அக்கணவன் மனந்திரும்பினானா என்று கேட்பீர்கள். ஆம் என்று எழுதவே எமக்கும் ஆசை. இரண்டு முறை குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்தான். இரண்டு முறையும் சில மாதங்களில் மீண்டும் விழுந்தான். நாம் அப்பங்கை விட்டு மாறிவரும் வரை, அவர்கள் பிரிந்தே வாழ்ந்தனர். ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோவில் முற்றத்து வேம்படியில் பிள்ளைகளைப் பார்க்க அவன் வருவான். நிதானத்தோடு வந்தால் மட்டுமே பார்க்கலாம் என்பது ஏற்பாடு. தோழியர் இருவரும் சற்று எட்ட நின்று பேசிக்கொண்டிருப்பர், வேறெங்கோ பார்ப்பவர்போல. அவனுக்காக அவள் செபமாலை சொல்வதை விடவில்லை. முன்னர் தனியே சொன்னாள். இப்போது மூவராய்ச் சொல்லுகின்றனர் என்று எமக்கு வந்த கடிதத்திலிருந்து அறிகின்றோம்.

இப்போதைய பங்கில் அக்டோபர் மாதச் செபமாலைக்குப்பின் கெபி விளக்கை ஒன்பது மணி வரை அணைக்கவேண்டாம் என்று உபதேசியாரிடம் கூறியிருக்கின்றோம். சுவரோரமாய் இரண்டு சிமெண்டுத் திண்ணைகளும் கட்டியாயிற்று. மின்கட்டணம் ஏறுகின்றது என்று அவர் முணுமுணுக்கின்றார்; சாவியைத் தாய்மார்களிடமே கொடுத்துவிட்டுப் போய் உறங்கும்படி சொல்லியிருக்கின்றோம்.