55 லிட்டர் ஊர், 135 லிட்டர் நகரம்

சிதம்பரத்தை ஒட்டி ஓர் ஊராட்சி இருக்கிறது. அதன் பெயர் நான்முனிசிபல். நகராட்சியில் சேராத பகுதி என்று ஆங்கிலத்தில் எழுதிய அலுவலகக் குறிப்பு, நாளடைவில் ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. 1873-இல் நகராட்சியான சிதம்பரத்தின் எல்லைக்கோடு அந்த ஊரின் பெயரிலேயே பதிந்து கிடக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் இத்தகைய ஊர்களை உள்ளே இழுத்துப் போட்டால் அவை வளர்ந்துவிடும் என்ற பேச்சு, கடலூரிலும் சிதம்பரத்திலும் திரும்பத் திரும்ப எழுகிறது. இது வளர்ச்சியல்ல, பறிப்பு.

2025 ஜனவரி தொடக்கத்தில் திமுக அரசு எடுத்த இணைப்பு முடிவை மறந்துவிட வேண்டாம். 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகள், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகள் என்று பட்டியல் வந்தது. மாநிலம் முழுவதும் மக்கள் மனுவோடு ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போனார்கள். அதே ஜனவரி 5-ஆம் தேதியோடு, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. எதிர்த்துப் பேசத் தலைவர் நாற்காலியில் ஆள் இல்லை. தனி அலுவலர்தான் இருந்தார். இது தற்செயல் என்று நம்ப என்னால் முடியவில்லை.

இணைப்பால் ஊர் இழப்பது என்ன என்பது வயலில் நாற்று நடும் பெண்களுக்குத் தெரியும். ‘நூறு நாள் வேலை போயிடுமாமே’ என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. போய்விடும். 2006 பிப்ரவரியில் அந்த ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டமாகத் தேர்வான ஆறு மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. வேறு எந்த அளவுகோலும் வேண்டாம், இந்த ஒரு தேர்வே இந்த மாவட்டத்தின் கிராமங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைச் சொல்லும். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளுக்கு 33,600 ரூபாய். நூறு நாளும் கிடைப்பதில்லை, கூலி மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது, எல்லாம் உண்மை. ஆனாலும் கேட்டு வாங்க ஓர் உரிமை இருக்கிறது, கையில் ஓர் அட்டை இருக்கிறது. ஊர் நகராட்சியில் சேர்ந்த மறுநாள் அந்த அட்டை வெறும் காகிதம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்த கலைஞரின் கனவு இல்லமும் ஊரகப் பகுதிக்கு மட்டுமே. அதுவும் போகும். பதிலுக்கு வருவது நகரத்துச் சொத்துவரி. 2022-இல் அது குறைந்தபட்சம் 25 விழுக்காடு உயர்ந்ததை யாரும் மறக்கவில்லை.

நகரங்களுக்கும் வேலைத்திட்டம் உண்டே என்பார்கள். 2022-இல் 100 கோடி ரூபாயில், தேர்ந்தெடுத்த சில நகரங்களில் முன்னோட்டமாக வந்தது அது. சட்ட உரிமை அல்ல. அதைப் பதிலாகச் சொல்பவர்களோடு பேசிப் பயனில்லை.

2025 மார்ச்சில் நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு 4,034 கோடி ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்று ஒன்றியங்கள்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது திமுக. நியாயமான கோபம். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஏறக்குறைய 300 ஊராட்சிகளின் மக்களிடமிருந்து அதே வேலையைப் பறிக்கும் பட்டியலை அந்த அரசே தயாரித்தது. தில்லி மட்டும் யோக்கியமா? நூறு நாள் வேலைக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விபி-ஜி ராம் ஜி சட்டம், நாள்களை 125 ஆக உயர்த்திக் காட்டிவிட்டு, செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் கட்டுகிறது. நடவு, அறுவடை மும்முரத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்கிறது. இனி ஓர் ஊராட்சி நகராட்சியானால் தில்லிக்கும் மிச்சம், சென்னைக்கும் மிச்சம். இரண்டு கருவூலங்களுக்கும் லாபம் தரும் ஒரு காரியத்தை எந்த அரசும் தானாக நிறுத்தாது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். ஊர், நகரம் என்ற வேற்றுமையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் கணக்கு வேறில்லை. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் அளவுகோல். சென்னை போன்ற பெருநகரத்துக்கு 150. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தானுக்கு 55. மாட்டைக் கழுவி, கன்றுக்குத் தண்ணீர் காட்டி, சேற்றிலிருந்து கரையேறிக் கைகால் கழுவ வேண்டியவனுக்கு 55 லிட்டர். அடுக்குமாடியில் இருப்பவனுக்கு 150 லிட்டர். இந்த எண்களை எழுதிய மேசையில் ஒரு விவசாயி உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்த 150 லிட்டர் எங்கிருந்து போகிறது? காட்டுமன்னார்கோவில் பக்கம் வந்து பாருங்கள். சோழர் வெட்டிய வீராணம் ஏரி, 44,856 ஏக்கர் பாசனத்துக்கானது. 2004 முதல் அந்த ஏரியின் தண்ணீர் சேத்தியாத்தோப்பில் இறைக்கப்பட்டு, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 230 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. 2011 கணக்கெடுப்பின்படி சிதம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 62,153. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் கணக்கிட்டால் அந்த ஊருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 84 லட்சம் லிட்டர். அதாவது, சென்னைக்கு ஒரே நாளில் போகும் வீராணத்துத் தண்ணீர், சிதம்பரத்துக்கு 21 நாளுக்குப் போதும். கிராமத்து 55 லிட்டர் கணக்கில் 32 லட்சம் பேருக்கு ஒரு நாள் தேவை. கடலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே அதே கணக்கெடுப்பில் 26 லட்சம்தான். ஏரி வற்றினாலும் குழாய் வற்றக்கூடாது என்று சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியில் ஆழ்துளைக் கிணறுகளும் போட்டார்கள். கடைமடையில் சம்பா காய்ந்தபோது இந்த அவசரம் காட்டியவர் யார்?

ஊரை நகராட்சியில் சேர்த்தால் 55 லிட்டர் 135 ஆகிவிடுமே என்று ஒரு வாதம் வரும். ஆகாது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குக் குழாய்த் தண்ணீர் அளவுகோல் 70 லிட்டர். காகிதத்தில் கூடப்போவது 15 லிட்டர். ஒரு குடம்!

இணைத்தால் வசதி வரும் என்பவர்கள் கடலூரைப் பார்க்கட்டும். 2021-இல் மாநகராட்சி என்ற பெயர் வந்தது. பெயர்ப்பலகை மாறியது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களில் ஆண்டுக்கணக்கில் தடுமாறியதை மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது மாநகராட்சியில் அல்ல. 1929-இல் பல்கலைக்கழகம் எழுந்த அண்ணாமலைநகரில், ஒரு பேரூராட்சியில். மாநகராட்சி என்ற பெயரே இல்லாமல் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் அங்கே நிற்கின்றன. அரசு பணம் போட்டால் வசதி வரும். எல்லைக்கோட்டை நகர்த்துவதால் வராது.

அமெரிக்காவை எடுத்ததற்கெல்லாம் காட்டும் நம் அதிகாரிகளுக்கு அங்கே நடந்த இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். 2020 கணக்கெடுப்பில் அந்த நாடு, நகரம் என்பதற்கான மக்கள்தொகை வரம்பை 2,500-இலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. பல சிற்றூர்கள் மீண்டும் கிராமப் பட்டியலுக்கு வந்தன. நகரவாசிகளின் பங்கு 80.7 விழுக்காட்டிலிருந்து 80 ஆகக் குறைந்தது. நகரமயம் என்ற எண்ணைக் கூட்டிக் காட்டும் வெறி அங்கே இல்லை. இரண்டாவது, வட கரோலினா. விருப்பமில்லாத ஊர்களை நகரங்கள் இழுத்துக்கொண்டதை எதிர்த்து மக்கள் பல ஆண்டு போராடினார்கள். 2012-இல் அந்த மாநிலம், அப்படிப்பட்ட இணைப்புக்கு அங்கு வாழ்பவர்களின் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது.

இங்கே வாக்கெடுப்பு வேண்டாம், கிராம சபையையாவது கேட்டார்களா? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒரு சிற்றூரின் கிழவியும் எழுந்து நின்று வரவுசெலவு கேட்கும் இடம் அது. நகரத்தில் பகுதி சபை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் தெருவில் அது கடைசியாக எப்போது கூடியது என்று சொல்ல முடியுமா? ஊராட்சி போனால் முதலில் சாவது இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம். அதற்குப்பின் ஏரிக்கரை வரை கல் நட்டு மனைப்பிரிவு போடுவது எளிது. இணைப்பின் உண்மையான பயனாளி நில வியாபாரிதான். வேறு யாருக்கும் இதில் நன்மை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடலூர் மாவட்டத்தில் 683 ஊராட்சிகள் இருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். எங்கள் ஊரை எந்த நகராட்சியோடும் இணைக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.